ஆலிமாக்கள் கூடி அளித்த தீர்ப்பு

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை என்னிடம் வந்தார். அவருடைய மகள் எங்கள் மத்ரஸாவில் ஓதியவள், வயது 16. "நல்ல இடத்துச் சம்பந்தம் வந்திருக்கிறது ஹஜ்ரத், மார்க்கத்தில் தடை ஏதும் உண்டா?" என்று கேட்டார். கிதாபில் உள்ளதைக் கூறினேன். "பெண்ணைக் கேட்டீர்களா?" என்று நான் வினவவில்லை. நிக்காஹ் நடந்தது, அவளுடைய படிப்பு நின்றது. அன்றைய என் மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இதே கேள்வி இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் எழுந்தபோது, விடை கூற அமர்ந்தவர்கள் பெண்கள். அவ்வரலாறு நாம் அறிய வேண்டிய ஒன்று.

அம்மக்கள் நமக்கு அந்நியர் அல்லர். நம் கடற்கரை ஊர்களின் மரக்காயர்கள் பாய்மரக் கப்பலேறி ஜாவாவிலும் சுமத்ராவிலும் வணிகம் செய்தார்கள். அவ்வூர்களைப் போலவே அங்கும் ஷாஃபிஈ மத்ஹபே பெருவழக்கு. அங்கே பெண் கல்வியின் வேரும் ஆழமானது. யோக்யகர்த்தாவில் 1917இல் 'ஆயிஷிய்யா' என்னும் மகளிர் இயக்கம் தோன்றியது. சுமத்ராவின் பாடாங் பாஞ்சாங்கில் ரஹ்மா அல் யூனுஸிய்யா அம்மையார் 1923இல் பெண்களுக்கெனத் தனி மத்ரஸா கண்டார். 1957இல் கெய்ரோவின் அல் அஸ்ஹர் அவருக்கு 'ஷைகா' என்னும் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

ஆயினும் 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் ஆணுக்கு 19, பெண்ணுக்கு 16 என்றே குறைந்தபட்ச வயதை வகுத்திருந்தது. பெண்ணின் வயதை உயர்த்தக் கோரிய வழக்கை 2015இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அக்கோரிக்கையை எதிர்த்தோரில் மார்க்க அமைப்புகளும் இருந்தன.

இந்நிலையில், 2017 ஏப்ரலில் மேற்கு ஜாவாவின் சிரெபோன் அருகே, கெபோன் ஜம்பு என்னும் விடுதி மத்ரஸாவில் பெண் உலமாக்களின் மாநாடு கூடியது. அம்மத்ரஸாவின் தலைவரே ஒரு பெண்மணிதான்: மஸ்ரிய்யா அம்வா. கணவர் மறைந்தபின் பொறுப்பை ஏற்றவர். குர்ஆன், ஹதீஸ், முன்னோர் உரைகள், நாட்டின் அரசியல் சட்டம் ஆகியவற்றை ஆராய்ந்ததோடு, பாதிக்கப்பட்ட பெண்களின் அனுபவத்தையும் அம்மாநாடு கருத்திற்கொண்டது. தீங்கு விளைவிக்கும் சிறார் திருமணத்தைத் தடுப்பது வாஜிபு என்பது அதன் தீர்ப்பு.

2018 டிசம்பரில், இளவயதிலேயே மணமுடிக்கப்பட்ட மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில், ஆணுக்கொரு வயது பெண்ணுக்கொரு வயது என்பது பாகுபாடு என்று அதே நீதிமன்றம் கூறியது. 2019இல் நாடாளுமன்றம் பெண்ணின் வயதையும் 19 ஆக உயர்த்தியது. ஆலிமாக்களின் தீர்ப்பு மட்டுமே இதைச் சாதித்தது என்று கூறுவதற்கில்லை. எனினும், மார்க்கத்தின் பெயரால் எழுந்த மறுப்புக்கு மார்க்கத்தின் மொழியிலேயே விடை பிறந்திருந்தது.

சட்டம் வந்ததும் யாவும் சீராகிவிட்டதா? இல்லை. நீதிமன்றத்தில் விலக்குப் பெற்று இளவயதில் மணமுடிக்கும் வழி அங்கு உண்டு. 2019இல் 25,000க்கும் குறைவாயிருந்த அத்தகைய அனுமதிகள் 2020இல் 60,000ஐத் தாண்டின. பெற்றோரின் உள்ளத்தை மாற்றும் பணி சட்டத்தால் மட்டும் முடிவதன்று.

வாசகர்களே! அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஸஹாபாக்களே வந்து சட்டம் கேட்டுத் தெளிந்தார்கள். நம் ஊர்களிலும் நிஸ்வான் மத்ரஸாக்கள் பெருகியுள்ளன; ஆண்டுதோறும் ஆலிமாக்கள் ஸனது பெறுகிறார்கள். ஸனதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறோம். மஹல்லாவில் ஒரு பெண்ணின் வாழ்வைத் தீர்மானிக்கும்போது அவர்களில் ஒருவரையேனும் அழைத்துக் கேட்கிறோமா?

இனி ஒரு தந்தை என்னிடம் அக்கேள்வியோடு வந்தால், கிதாபைத் திறக்குமுன் அவர் மகளின் எண்ணத்தை ஓர் ஆலிமா வழியே கேட்டறிவேன். நீங்களும் உங்கள் இல்லத்தில் அவ்வாறே செய்யுங்கள். வல்ல நாயன் நமக்கு நல்லறிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.