ஜாக்கெட் மாதிரிதான் கோல்ப் மட்டையும்!

கோல்ப்பா? அது காரில் போகிறவர்கள் விளையாட்டாயிற்றே, பீர்க்கன்கரணையில் இருந்துகொண்டு இவளுக்கு என்ன பேச்சு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் தோழிகளே! எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே அந்த விளையாட்டால்தான். என் வீட்டுக்காரர் நகரத்தில் ஒரு மைதானத்தில் 16 வருஷமாக கேடி. ஆடுகிறவர்களின் பையைச் சுமந்து கூடவே நடந்து, எந்த இடத்துக்கு எந்த மட்டை என்று எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் லீவு நாளில் அப்பாவோடு போய்ப் போய், அவளும் அடிக்கப் பழகிவிட்டாள். அவள் ஆர்வத்தைப் பார்த்த ஒரு பெரிய மனிதர் தன் பழைய டிரைவரைக் கொடுத்தார். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லீங்க, முதல் அடியை தூரமாக அடிக்கிற நீளமான மட்டை.

இரண்டே மாதத்தில் தோள்பட்டை வலி, மணிக்கட்டு வலி. பந்து எழும்பாமல் வலது பக்கமாகவே ஓடுகிறது. "எனக்கு வராதும்மா, விட்டுடறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். "பொம்பளைப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் ஏது?" என்று சொந்தக்காரர்கள் வேறு. எனக்கு வயிறெரிந்தது. ஒரு கடையில் விசாரித்தால் புதுசு 35 ஆயிரம் என்றார்கள். அளவு கேட்கவே இல்லை! இரண்டு அங்குலம் வெட்டிக் கொடுத்துவிடலாமே என்றார் இன்னொருவர்.

கடைசியில் மட்டை ரிப்பேர் செய்கிற ஒரு பெரியவரிடம் போனோம். அவர்தான் விளக்கினார். கைப்பிடிக்கும் தலைக்கும் நடுவில் இருக்கிற தண்டுக்கு ஷாஃப்ட் என்று பெயர். வீசும்போது அது வளைந்து நிமிரும். மெதுவாக வீசுகிறவர்களுக்கு நன்றாக வளைகிற தண்டு, வேகமாக வீசுகிறவர்களுக்கு விறைப்பானது. எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று எழுத்துப் போட்டிருப்பார்கள். எல் என்றால் லேடீஸ், ஏ வயதானவர்களுக்கு, ஆர் சாதாரணம், எஸ்ஸும் எக்ஸும் விறைப்பு. என் மகள் கையில் இருந்தது எஸ்! "வெட்டினா நீளம்தாம்மா குறையும், தண்டு இன்னும் விறைப்பாத்தான் ஆகும்" என்றார். வெட்டாமல் வந்தோமே என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டைச் செருப்போடு நிற்கவைத்து மணிக்கட்டிலிருந்து தரை வரை டேப் பிடித்தார். நம்ம டெய்லர் அக்கா ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற மாதிரியேதான். கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி, இடது கையின் நடு விரலும் மோதிர விரலும் உள்ளங்கையை லேசாகத் தொடுகிறதா என்று பார்த்தார். அழுந்தினால் கைப்பிடி மெலிசு, தொடாவிட்டால் தடிமன்.

பிறகு மூன்று மட்டை கொடுத்து ஆளுக்குப் பத்துப் பந்து கணக்காக அடிக்கச் சொன்னார். மட்டையின் முகத்தில் பவுடரைக் குழைத்துத் தடவினால் பந்து பட்ட இடம் தெரிந்துவிடும். ஆர் போட்டதில் தடம் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தது. எல்லில் ஒரு பந்து எல்லாவற்றையும் விட தூரம் போனது. இவர் உடனே, "அண்ணே, இதையே போட்டுடுங்க, பொண்ணுக்கு லேடீஸ்தானே!" என்றார். பெரியவர் கேட்கவில்லை. மற்ற பந்துகள் உயரமாகப் போய் இடது பக்கம் சிதறியதைக் காட்டினார். ஏ தண்டில்தான் பத்தில் ஏழு நடுவில் பட்டது. 50 கிராம் கிராஃபைட் தண்டு. இரும்புத் தண்டென்றால் 100 கிராமுக்கு மேல் இருக்குமாம். ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியில் எஸ் மாதிரி இருக்குமாம், அதனால் எழுத்தை நம்பாமல் அடித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

"தாத்தாங்க தண்டாம்மா எனக்கு?" என்று மகளுக்கு ஒரே சிரிப்பு.

தூரம்தான் எல்லாம் என்றால் பெங்களூரு அதிதி அசோக் என்ன செய்திருப்பார்? நீளமாக அடிப்பவர்களில் ஒருவர் இல்லை அவர். ஆனாலும் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம், ஒரே ஒரு அடியில் பதக்கம் போயிற்று. அங்கே அவருக்குப் பை தூக்கியது அவருடைய அம்மா! இதைப் படித்ததிலிருந்து நானும் கையை முறுக்கிப் பார்க்கிறேன்.

பழைய தலையைச் சூடு காட்டிக் கழற்றி, வேறொருவர் கழற்றிப்போட்ட தண்டை பசை போட்டு ஒட்டி, ஒரு நாள் காயவைத்துத் தந்தார். கூலியோடு 1,800 ரூபாய். சீட்டுப் பணத்தில் கொடுத்தேன். தோள்வலி குறைந்துவிட்டது. மற்ற மட்டைகள் இன்னும் ஆம்பளைகள் அளவுதான், அடுத்த சீட்டு தை மாதம் விழும்.

- ஒரு வாசகி, பீர்க்கன்கரணை