விலகலும் விலக்கலும்

ஆங்கிலச் சொற்களின் பொருள் வேறுபாட்டைக் கற்பிக்கும்போது நாம் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் இணைகள் சில உண்டு. 'ஹவுஸ்' என்பது கட்டடம், 'ஹோம்' என்பது குடும்பம் வாழும் இல்லம் என்போம். 'லெண்ட்' என்பது கடன் கொடுத்தல், 'பாரோ' என்பது கடன் வாங்குதல் என்போம். மாணாக்கர் இவற்றை அறிந்திருத்தல் நன்றே. இவற்றில் பிழை நேர்ந்தால் மதிப்பெண் குறையும், அவ்வளவே. ஆனால், பிழை நேர்ந்தால் குடும்பத்தின் கைப்பொருளே குறைந்துபோகும் சொற்களும் உள. 'ரிசைன்', 'ரிடயர்', 'டிஸ்மிஸ்', 'ரெட்ரெஞ்ச்' என்னும் நான்கும் அத்தகையன. 'வேலை போய்விட்டது' என்று நான்கிற்கும் ஒரே பொருள் கூறிவிடுவோர் நம்மிடையே பலர். அவற்றின் வேற்றுமையை இங்கே நோக்குவோம்.

முதலில் சொற்களின் பிறப்பு. 'ரிசைன்' இலத்தீனிலிருந்து வந்தது. முத்திரையை அகற்றுதல், செல்லாததாக்குதல் என்பன அதன் மூலப் பொருள்கள். தம் உரிமையைத் தாமே கைவிடுவதை அது குறிக்கலாயிற்று. 'ரிடயர்' என்பது பின்வாங்குதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல். 'டிஸ்மிஸ்' இலத்தீனில் அனுப்பிவிடுதலைக் குறித்தது. 'ரெட்ரெஞ்ச்' என்பதற்குப் பிரெஞ்சில் வெட்டிக் குறைத்தல் என்று பொருள். ஆங்கிலத்தில் செலவைச் சுருக்குவதற்கும் இச்சொல் வழங்கும். எனவே, ரெட்ரெஞ்ச் செய்யப்பட்டவரிடம் குற்றம் எதுவுமில்லை. அவர் செய்துவந்த வேலைதான் இல்லாமற்போயிற்று.

இவற்றுக்கு முறையே வேலை விலகல், பணி ஓய்வு, வேலை நீக்கம், ஆட்குறைப்பு எனத் தமிழில் கூறலாம். இவற்றை விளக்கத் தமிழாசிரியர்க்குப் புதுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தன்வினை, பிறவினை என்னும் நம் இலக்கணப் பாடமே போதும். 'விலகினான்' என்றால் தானே செய்தான். 'விலக்கினார்' என்றால் பிறர் செய்தார். 'நீங்கினான்', 'நீக்கினார்' என்பனவும் அவ்வாறே. நம் தோட்டப் பேச்சிலும் இவ்வேறுபாடு செம்மையாக உண்டு. 'நின்னுட்டான்' என்பது வேறு. 'நிப்பாட்டிட்டாங்க' என்பது வேறு. 'வேலை போச்சு' என்னும்போதுதான் செய்தவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. மலாய் மொழியும் இதனைத் தெளிவாகக் காட்டும். 'பெர்ஹெந்தி' என்பது தானே நிற்றல். 'டிபெர்ஹெந்திக்கான்' என்பது நிறுத்தப்படுதல்.

இவ்வேற்றுமை மலாக்காத் தமிழர்க்கு வெறும் ஏட்டுப் பாடமன்று. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் இம்மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் பெருகிய பால்மரக் காடுகளில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். பின்னர்ப் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின; சில கைமாறின; சிலவற்றின்மீது வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. அவ்வேளைகளில் தொழிலாளியின் கைக்கு வந்த கடிதத்தில் இந்த நான்கு சொற்களுள் எது இருந்தது என்பதே அவர் பெறும் தொகைக்கு அடிப்படையாயிற்று.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்கீழ் 1980இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, ஆட்குறைப்புக்கு ஆளானவர் ஓராண்டேனும் தொடர்ந்து வேலை செய்திருந்தால் இழப்பீடு பெறுவார். ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர்க்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவர்க்கு 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவர்க்கு 20 நாள். இருபதாண்டு பால் வெட்டியவருக்கு 400 நாள் சம்பளம் சேரும். தாமே விலகியவர்க்கும், ஒப்பந்தப்படி வயது நிறைந்து ஓய்வு பெற்றவர்க்கும், முறையான விசாரணைக்குப்பின் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்க்கும் இவ்விழப்பீடு இல்லை. தோட்டம் கைமாறும்போது, புதிய உரிமையாளர் ஏழு நாள்களுக்குள் பழைய நிலைமைக்குக் குறையாத வேலையைத் தர முன்வந்து, தொழிலாளி தக்க காரணமின்றி மறுத்தாலும் இல்லை. சேமநிதிப் பணம் இதனினும் வேறு. எவ்வகையில் வேலை முடிந்தாலும் அது தொழிலாளியின் உடைமையே.

முறையிடும் வழியிலும் வேற்றுமை உண்டு. நியாயமின்றி நீக்கப்பட்டவர், 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாள்களுக்குள் முறையிடலாம். விலகல் கடிதத்தில் கையெழுத்திட்டவருக்கு அவ்வழி கரடுமுரடானது. கட்டாயத்தால் வாங்கப்பட்ட விலகலை நீதிமன்றம் நீக்கமாகக் கருதக்கூடும். ஆனால், கட்டாயம் நிகழ்ந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தலைமேல் ஏறும்.

இன்னும் இரு சொற்களைக் கவனித்தல் வேண்டும். 'லே ஆஃப்' என்பதை அமெரிக்க வழக்கைப் பின்பற்றி ஆட்குறைப்பு என்றே பலர் எழுதுகின்றனர். நம் நாட்டு விதிகளிலோ அது வேலை ஒப்பந்தம் நீடிக்கையில் வேலையும் சம்பளமும் கொடாதிருப்பதைக் குறிக்கும். நான்கு வாரங்களில் 12 வேலை நாள்களுக்குக் குறையாமல் அந்நிலை நேர்ந்தால் அது 'லே ஆஃப்' ஆகும். மற்றொன்று 'எக்ஸ் கிரேஷியா'. அது மனமுவந்து தரும் தொகை. சட்டப்படி சேரவேண்டிய இழப்பீட்டை அப்பெயரால் அழைத்தால், உரிமை சலுகையாகத் தோன்றும்.

ஆசிரிய நண்பர்க்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய சொற்களைக் கற்பிக்கும்போது அகராதிப் பொருளோடு நிறுத்திவிடாதீர்கள். செய்தவர் யார்? காரணம் யாது? விளைவு என்ன? இம்மூன்று வினாக்களையும் மாணாக்கரைக் கேட்கச் செய்யுங்கள். தந்தையாருக்கோ அண்ணனுக்கோ வரும் ஆங்கிலக் கடிதத்தை வீட்டில் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் நம் பள்ளிப் பிள்ளைகளே. 'அப்பா, இதில் நீங்களே விலகுவதாக எழுதியிருக்கிறது. சங்கத்தில் கேட்டபிறகு கையெழுத்திடுங்கள்' என்று ஒரு பிள்ளை சொல்லுமாயின், நாம் நடத்திய தன்வினை, பிறவினைப் பாடம் பயன் தந்ததாகும்.