வாயிற்காவல் நிற்கும் ஆங்கிலம்

சென்னைச் சர்வகலாசாலை 1857-ல் தோன்றிய காலந்தொட்டே ஆங்கிலம் கலாசாலை வாயிலில் காவல் நின்று வந்தது. 1904-ல் கும்பகோணம் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்த ஸ்ரீநிவாஸ ராமானுஜன், ஆங்கிலத்தில் தவறி அதனை இழந்தார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. தாய்நாட்டில் பரீட்சை தேறிப் பட்டம் பெறும் பாக்கியமோ கடைசிவரை வாய்க்கவில்லை!

வியத்நாம் தேசத்தார் 2025 முதல் பள்ளியிறுதிப் பரீட்சையில் ஆங்கிலத்தை மாணாக்கர் விருப்பத்துக்கு விட்டுவிட்டனர். தமிழ்நாட்டிலும் பொறியியல் பிரவேசத்துக்குக் கணிதம், பௌதிகம், ரசாயனம் இவற்றின் மதிப்பெண்களே கணக்கு. ஆங்கிலத்தில் தேறினால் போதும். ஆகவே தொட்டியத்து வாழை விவசாயியின் மகள், தமிழிலேயே கற்றுத் தடையின்றி உள்ளே நுழைகிறாள். நல்லதே. ஆனால், விரிவுரையெல்லாம் ஆங்கிலம்! சூத்திரம் விளங்குகிறது, அதனைச் சூழ்ந்த வாக்கியம் விளங்கவில்லை. அவளுக்கு வேண்டியது வகுப்புத் தொடங்குமுன் இரண்டு மாதப் பயிற்சி. பரீட்சை முடிந்து கலாசாலை திறக்கும்வரை அம்மாதங்கள் வீணே கழிகின்றன. பள்ளிக் கட்டடங்களும் பூட்டிக் கிடக்கின்றன.