கருவிழியில் ஒரு நடவு

என் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் பித்தளைக் கரண்டகம் ஒன்று இருந்தது. மூடியைத் திறந்து, நுனிவிரலால் சுண்ணாம்பைத் தொட்டு எடுப்பார். இன்று அந்த இடத்துக்குப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட் வந்துவிட்டது. குழந்தை கையில் கிடைத்தால் அழுத்திப் பார்க்கும். அழுத்தினால் வெடிக்கும். முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தால் சுண்ணாம்பு கண்ணுக்குள் பீய்ச்சும். இந்தியாவில் சிறுபிள்ளைகளின் கண்ணில் ஏற்படும் ரசாயனக் காயங்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கண் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

ஸ்டெம் செல் மருத்துவம் என்றதும் பலருக்கும் ஏதோ எதிர்கால அதிசயம் நினைவுக்கு வருகிறது. எனக்கு இந்தச் சுண்ணாம்பு பாக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. சிதைந்த உறுப்பை அதன் சொந்த ஸ்டெம் செல்களைக் கொண்டே மறுபடி வளர்க்க முடியும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று, சுண்ணாம்பில் வெந்த கண்களிலிருந்து கிடைத்திருக்கிறது.

அமிலம் பட்டால் மேற்புறத்துப் புரதம் உறைந்து, உள்ளே போகாமல் ஓரளவு தடுக்கும். சுண்ணாம்பு காரம். அது செல்களின் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டே இறங்கும். இமைக்கு அடியில் ஒட்டிய துகள் மணிக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும். அப்படி அரிக்கும்போது அது அழிக்கும் மிக முக்கியமான இடம், கண்ணின் கருப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பு. மருத்துவர்கள் அதை லிம்பஸ் என்கிறார்கள்.

கருவிழியின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய செல் படலம் ஒரு வாரம், பத்து நாளில் முழுவதும் உதிர்ந்து புதிதாகிவிடுகிறது. புதிய செல்கள் லிம்பஸிலிருந்துதான் புறப்படுகின்றன. வயலோரத்து நாற்றங்கால் போல, ஸ்டெம் செல்கள் அந்த வளையத்தில் குடியிருக்கின்றன. 1986-இல் நியூயார்க்கில் துங்-தியென் சன் குழுவினர் இதற்கு வலுவான ஆதாரம் காட்டினார்கள். நாற்றங்கால் அழிந்தால் என்ன ஆகும்? பக்கத்து வெள்ளை விழியின் செல்கள் ரத்தக் குழாய்களோடு களையாக உள்ளே ஏறும். கண்ணாடிபோல் இருந்த கருவிழி, சிவந்த சதை மூடிய புண்ணாகிவிடும். இந்த நிலையில் தானமாகப் பெற்ற கருவிழியைப் பொருத்தினாலும் நிலைக்காது. நிலத்தை மாற்றலாம், நாற்று வேண்டுமே!

நாற்றை எங்கிருந்து எடுப்பது? மற்றொரு கண் நன்றாக இருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். 1989-இல் அமெரிக்காவின் கென்யனும் செங்கும் அதைச் செய்து காட்டினார்கள். ஆனால் நல்ல கண்ணின் விளிம்பில் கணிசமான பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. இருக்கும் ஒரே நல்ல கண்ணில் கத்தி வைக்க எந்தத் தாய் மனமொப்புவாள்? 1997-இல் இத்தாலியின் கிராசியெல்லா பெல்லெக்ரீனி, மிகெலே டி லூகா குழுவினர் ஒரு வழி கண்டார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்கை எடுத்து, ஆய்வகத்தில் படலமாக வளர்த்து, கெட்ட கண்ணில் ஒட்டினார்கள். அந்த வழி முதிர்ந்து, 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்த முதல் ஸ்டெம் செல் மருந்தானது. பெயர் ஹோலோகிளார். அபாரமான சாதனைதான். ஆனால் அதற்குத் தனி ஆய்வகம், வாரக்கணக்கில் பராமரிப்பு, பெரும் செலவு எல்லாம் வேண்டும்.

இங்கேதான் ஹைதராபாத் வருகிறது. எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் விரேந்தர் சங்வான் குழுவினர் 2012-இல் வெளியிட்ட முறையைப் படித்தபோது, இவ்வளவு எளிதா என்று வியந்துபோனேன். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் நீளமும் அகலமும் உள்ள ஒரு துணுக்கை எடுக்கிறார்கள். கெட்ட கண்ணில் படர்ந்த சதையை நீக்குகிறார்கள். அதன்மேல் பனிக்குடப் படலத்தைப் பரப்பி ஒட்டுகிறார்கள். பிரசவத்தின்போது தானமாகப் பெற்று, பரிசோதித்துப் பாதுகாத்த படலம் அது. பிறகு அந்தத் துணுக்கை எட்டு, பத்துத் துண்டுகளாக நறுக்கி, படலத்தின்மேல் வட்டமாக இடம்விட்டு வைத்து, ஃபைப்ரின் பசையால் ஒட்டி, மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸைப் போட்டுவிடுகிறார்கள். அப்பட்டமான நடவு! ஒவ்வொரு துண்டிலிருந்தும் செல்கள் நாலா பக்கமும் படர்ந்து ஒன்றையொன்று தொடுகின்றன. தனி ஆய்வகம் தேவையில்லை, கண்ணே ஆய்வகமாகிவிடுகிறது. முதலில் சிகிச்சை பெற்ற ஆறு பேருக்கும் ஆறு வாரத்துக்குள் கருவிழி முழுவதும் புதிய படலம் மூடியது.

ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். 2016-இல் அதே மருத்துவமனை 125 பேரின் விவரங்களை வெளியிட்டது. 76 சதவீதத்தினருக்குப் புதிய படலம் நிலைத்திருந்தது. அந்த 125 பேரில் 60 பேர் குழந்தைகள். இந்த எண்ணைத் தாண்டி என்னால் எளிதில் போக முடியவில்லை.

இரண்டு கண்ணிலும் நாற்றங்கால் அழிந்தவர்களுக்கு? அவர்களுக்காக ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் கோஜி நிஷிடா உழைத்து வருகிறார். ஷின்யா யமனகா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும் செய்து காட்டியபடி, முதிர்ந்த செல்லையே ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பலாம். அதற்காக யமனகாவுக்கு 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறர் தந்த செல்லை இவ்வாறு திருப்பி, அதிலிருந்து கருவிழிப் படலம் வளர்த்து, 2019 முதல் நான்கு பேருக்கு நிஷிடா பொருத்தினார். இரண்டாண்டு கண்காணிப்பில் கட்டி எதுவும் தோன்றவில்லை, நால்வரின் கருவிழியும் தேறியது. ஒருவருக்கு மட்டும் பார்வையில் கிடைத்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. 2024-இல் லான்செட் இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தன. நான்கே பேர் என்பதால் நம்பிக்கையோடு பொறுமையும் வேண்டும்.

பொறுமையில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மூதாட்டிகள் மூவருக்கு, வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த 'ஸ்டெம் செல்' என்று சொல்லி, ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசி போட்டார்கள். ஆளுக்கு 5,000 டாலர் வாங்கினார்கள். மூவரும் பார்வையைப் பெரிதும் இழந்ததை 2017-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. அது முறையான ஆய்வே அல்ல. எந்த சிகிச்சையானாலும், முதலில் ஒரு கண்ணில் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும் அக்கறைகூட அங்கே இல்லை. நம் ஊரிலும் மூட்டுவலியிலிருந்து ஆட்டிசம் வரை ஸ்டெம் செல் என்று விளம்பரம் வருகிறது. பணம் கட்டும் முன் கேளுங்கள்: எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எந்த இதழில் வெளியிட்டீர்கள், தோற்றது எத்தனை?

கடைசியாக, வீட்டில் செய்ய வேண்டியது. சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெய், தாய்ப்பால் என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். குழாயடியில் இமையை விரித்துப் பிடித்து, குழந்தை எவ்வளவு கதறினாலும், விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு ஆட்டோ பிடித்துக் கண் மருத்துவமனைக்குப் போங்கள். போகும் வழியிலும் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.