டி.ஜி.பி-க்கு வைவா உண்டா பாஸ்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வைவா வைக்கிறாங்க. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் எதிரே உட்கார்ந்து, 'இதை நிஜமாவே நீங்கதான் பண்ணீங்களா?'னு கேட்டு உயிரை எடுப்பார். கேம்பஸ் இன்டர்வியூன்னா ஆப்டிட்யூட், டெக்னிக்கல், ஹெச்.ஆர்.னு மூணு ரவுண்டு. சரி... ஒரு மாநிலத்தோட மொத்த போலீஸுக்கும் தலைவரா வரப்போறவருக்கு? அவரை நம்ம சார்பா யாராவது உட்காரவெச்சு கேள்வி கேட்கிறாங்களா?

'நமக்கெதுக்குப்பா இந்த வம்பு?'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனா, காணாமப்போன பைக்கா, எல்லாத்துக்கும் நாம போய் நிக்கறது போலீஸ் ஸ்டேஷன்லதான். எங்க திருவேங்கடத்துல போலீஸ்னா ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர். அவருக்கு மேலே டி.எஸ்.பி., தென்காசியில எஸ்.பி., நெல்லையில டி.ஐ.ஜி., மதுரையில தென் மண்டல ஐ.ஜி. இப்படி ஏணி ஏறிப் போனா, உச்சியில சென்னையில உட்கார்ந்திருக்கிறவர்தான் டி.ஜி.பி. ஏணி ஆடினா, கீழே நிக்கிற நமக்குத்தான் ஆபத்து.

2020 ஜூன் மாசம் சாத்தான்குளத்துல என்ன நடந்ததுன்னு எங்க பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் கூட்டிட்டுப் போன அப்பாவும் மகனும் உயிரோட திரும்பலை. ஹைகோர்ட் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. பிறகு விசாரணை சி.பி.ஐ-க்குப் போனது. மாநில போலீஸ் மேலேயே புகார்னா, அடுத்து நாம நம்பிப் போறது சி.பி.ஐ-யிடம். அப்போ அந்த சி.பி.ஐ. தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறாங்க?

மூணு பேர். பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி அல்லது அவர் அனுப்பும் நீதிபதி. லோக்பால் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆளுங்கட்சி மட்டும் தனியா முடிவு பண்ண முடியாது. 2019 ஜனவரியில் அலோக் வர்மாவை சி.பி.ஐ. இயக்குநர் பதவியிலிருந்து இந்தக் குழு மாற்றியபோது முடிவு 2-க்கு 1. எதிர்ப்பைப் பதிவு செய்தவர் மல்லிகார்ஜுன கார்கே. தோற்றுப்போன ஓட்டுதான். ஆனா, 'ஒருத்தர் மறுத்தார்'ங்கறது நமக்குத் தெரிஞ்சுதே, அது முக்கியம்!

நம்ம டி.ஜி.பி. கதை

மாநில டி.ஜி.பி. விஷயத்துல இந்த அளவுக்குக்கூட கிடையாது. பிரகாஷ் சிங்னு ஒரு ரிட்டயர்டு போலீஸ் அதிகாரி. உத்தரப்பிரதேசத்துல டி.ஜி.பி-யா இருந்தவர். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பத்து வருஷம் கழிச்சு, 2006 செப்டம்பர் 22-ல் தீர்ப்பு வந்தது. சீனியர் அதிகாரிகளோட சர்வீஸையும் அனுபவத்தையும் பார்த்து யு.பி.எஸ்.சி. 3 பேரைத் தேர்ந்தெடுக்கணும். அந்த மூவரில் ஒருத்தரை மாநில அரசு நியமிக்கணும். வந்தவருக்குக் குறைஞ்சது 2 வருஷம் பதவி. 'சொன்ன பேச்சு கேக்கலையா, நாளைக்கே டிரான்ஸ்ஃபர்'ங்கற கதைக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் இது.

2018-ல் அதே கோர்ட் இன்னொரு கேட்டையும் பூட்டியது. 'பொறுப்பு டி.ஜி.பி.' என்று யாரையும் உட்காரவைக்கக் கூடாது. ஆனா, 2025 ஆகஸ்ட் 31-ல் சங்கர் ஜிவால் ஓய்வு பெற்றபோது தமிழ்நாட்டில் வெங்கட்ராமன் பொறுப்பு டி.ஜி.பி-யாகத்தான் பதவியேற்றார். விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. பட்டியலைச் சீக்கிரம் முடியுங்கன்னு யு.பி.எஸ்.சி-யிடம் கோர்ட் சொன்னது.

இந்த மொத்தக் கதையிலும் நீங்க ஓட்டுப்போட்ட எம்.எல்.ஏ. எங்கே வர்றார்? எங்கேயும் இல்லை! சட்டசபையில போலீஸ் மானியக் கோரிக்கை வரும்போது பேசலாம். நியமனத்துல அவருக்குக் குரல் கிடையாது. நம்ம காலேஜ் பாஷையில சொன்னா, எல்லாமே இன்டர்னல் மார்க். எக்ஸ்டர்னலே கிடையாது.

வைவா நடக்கிற ஊர்

அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. இயக்குநரை ஜனாதிபதி பெயர் சொன்னா மட்டும் போதாது, செனட் சபை சம்மதிக்கணும். 1968 சட்டத்தில்தான் அது கட்டாயமாச்சு. அதுக்கு முன்னாடி எட்கர் ஹூவர் என்பவர் 1924-ல் உட்கார்ந்து 1972-ல் சாகும்வரை எழுந்திருக்கவே இல்லை. 48 வருஷம்! அந்த அனுபவம் போதும்னு, 1976-ல் பதவிக்காலத்தை 10 வருஷம்னு வரம்பு கட்டினாங்க.

புது முறையில் முதலில் வந்து மாட்டியவர் பேட்ரிக் கிரே. 1973-ல் செனட் கமிட்டி அவரைக் கேள்வி கேட்டது. வாட்டர்கேட் விசாரணை ஃபைல்களை வெள்ளை மாளிகை ஆளிடமே கொடுத்ததை அவர் அங்கே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பெயர் வாபஸ் ஆனது. மூடின அறையா இருந்திருந்தா இது வெளியே வந்திருக்குமா, யோசிச்சுப் பாருங்க.

ஆனா, அதுக்காக அமெரிக்காவைத் தலையில தூக்கிவெச்சு ஆட வேண்டாம். 2001-ல் ராபர்ட் முல்லருக்குக் கிடைச்சது 98-க்கு 0. 2025 பிப்ரவரியில் காஷ் படேலுக்கு 51-க்கு 49. கட்சி பார்த்து கை தூக்க ஆரம்பிச்சா, வைவா வெறும் சடங்கா மாறிடும். இருந்தாலும் எந்த எம்.பி. எந்தப் பக்கம் கை தூக்கினார்ங்கறது பதிவில் இருக்கு. அடுத்த தேர்தல்ல கேட்கலாமே!

கடலுக்கு அந்தப் பக்கம்

நமக்கு ரொம்பப் பக்கத்துல ஒரு பாடம் இருக்கு. இலங்கையில் போலீஸ் மா அதிபரை ஜனாதிபதி நியமிக்கணும்னா அரசியலமைப்புப் பேரவை ஒப்புதல் தரணும். சபாநாயகர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர் உட்பட 7 எம்.பி-க்கள், வெளியாட்கள் 3 பேர், ஆக 10 பேர்.

2023 நவம்பரில் தேசபந்து தென்னக்கோன் பதில் போலீஸ் மா அதிபர் ஆனார். அடுத்த மாசமே, கஸ்டடியில் ஒருத்தரைச் சித்ரவதை செய்த வழக்கில் அவர் அடிப்படை உரிமையை மீறினார்னு அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. அதுக்குப் பிறகும் 2024 பிப்ரவரியில் அவரை நிரந்தரமாக்கினாங்க! பேரவையில் ஆதரவு 4, எதிர்ப்பு 2, நடுவில் நின்றவர்கள் 2. சபாநாயகர் தன் ஓட்டையும் சேர்த்து 'நிறைவேறியது'ன்னார். இது செல்லாதுன்னு மக்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2024 ஜூலை 24-ல், அவர் அந்தப் பதவியில் செயல்படக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் இடைக்காலத் தடை போட்டது.

க்ளைமாக்ஸ் பார்லிமென்ட்டில். விசாரணைக் குழு அமைச்சு, அறிக்கை வாங்கி, 2025 ஆகஸ்ட் 5-ல் ஓட்டெடுப்பு. பதவிநீக்கத்துக்கு ஆதரவு 177, எதிர்ப்பு ஒண்ணுகூட இல்லை. இலங்கைப் பார்லிமென்ட் ஒரு போலீஸ் மா அதிபரைப் பதவிநீக்கம் செய்தது அதுதான் முதல் தடவை.

இதுல என்ன தெரியுது? சபை ஒப்புதல்ங்கற ஒரு கதவை மாட்டிட்டா மட்டும் போதாது. அந்தக் கதவுக்குப் பின்னாடி உண்மையான கேள்வி இருக்கணும். ஒருத்தர் மேல கோர்ட் தீர்ப்பே இருக்கும்போது, 'இதுக்கு உங்க பதில் என்ன?'னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டு அப்புறம் கை தூக்கியிருந்தா, பதினேழு மாசம் கழிச்சு அதே நாடு அதே ஆளை இறக்க வேண்டி வந்திருக்குமா?

நம்ம ஊர்ல செனட் மாதிரி ஓட்டெடுப்பு வரணும்னுகூட நான் சொல்ல வரலை. அரசியல்வாதிங்க கையில கொடுத்தா கட்சிச் சண்டையாகிடும்னு பயப்படறவங்க பயத்துலயும் நியாயம் இருக்கு. ஆனா, யு.பி.எஸ்.சி. கொடுக்கும் மூணு பேரும் சட்டசபைக் குழு முன்னாடி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில் சொன்னா என்ன குறைஞ்சிடும்? லாக்கப் மரணத்தைத் தடுக்க என்ன செய்வீங்க, அமைச்சர் போன் பண்ணி கேஸை மூடச் சொன்னா என்ன செய்வீங்க, புகார் வாங்க மறுக்கிற ஸ்டேஷன் மேல என்ன நடவடிக்கை? கேள்விகள் ரொம்ப சிம்பிள். பதில் எழுத்துல பதிவாகணும், அவ்வளவுதான்.

அடுத்த தடவை 'புதிய டி.ஜி.பி. பொறுப்பேற்பு'ன்னு பேப்பர்ல போட்டோ வரும். பொக்கே, சல்யூட் எல்லாம் இருக்கும். அதைத் தாண்டி மூணு விஷயம் தேடிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். யு.பி.எஸ்.சி. பட்டியலில் இருந்து வந்தவரா? ரெண்டு வருஷம் முழுசா இருக்க விடுவாங்களா? 'பொறுப்பு'ங்கற வார்த்தை முன்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கா? செய்தியில் பதில் இல்லைன்னா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. வெள்ளைப் பேப்பர், பத்து ரூபாய் கட்டணம்... அரியர் பேப்பருக்குக் கட்டற ஃபீஸைவிட ரொம்பக் குறைச்சல்தான்!