பயிர்க் கணிப்புப் பயிற்சிக்குச் சங்கம் ஆயத்தமாவது எங்ஙனம்?

காவிரிப் பாசனத்தை நம்பிப் பயிரிடுவோருக்கு நாட்கணக்கு புதிதன்று. 1934-ஆம் ஆண்டு மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்த பின்னர், ஜூன் 12 என்பது தஞ்சைத் தரணி எதிர்நோக்கும் தேதியாகிவிட்டது. எனினும் அத்தேதி ஆண்டுதோறும் கைகூடுவதில்லை. 2022-இல் மே 24 அன்றே அணை திறக்கப்பட்டது. 2024-இல் ஜூலை 28 வரையில் காத்திருக்க நேர்ந்தது. 2025-இல் மீண்டும் ஜூன் 12 அன்றே நீர் விடப்பட்டது.

110 நாள் வயதுடைய குறுவை ரகத்தை ஜூன் 15-இல் விதைத்தால் அக்டோபர் முதல் வாரத்தில் அரிவாள் வைக்கலாம். அதே ரகத்தை ஜூலை 28-இல் விதைத்தால் நவம்பர் நடுவில், வடகிழக்குப் பருவமழையின் நட்டநடுவில், கதிர் முற்றி நிற்கும். இதனை எந்த விவசாயியும் விரல்விட்டுச் சொல்லிவிடுவார். ஆனால் அம்மழையில் இழப்பு எத்துணை நேரும், குறுவையைக் கைவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருப்பது மேலா, இடையில் எத்தனை முறை நீர் வேண்டும் என்னும் கேள்விகள் விரல்களுக்குள் அடங்குவன அல்ல. அவற்றைக் கணக்கிட்டுப் பார்க்கும் கருவியே பயிர் வளர்ச்சிக் கணிப்பு மென்பொருள். இதில் பயிற்சி பெறச் சங்கங்களிலிருந்து ஆள் அனுப்புமுன் என்னென்ன செய்து வைக்க வேண்டும் என்பதையே ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மாதிரி என்பது யாது?

நெசவாள அங்கத்தினர்களுக்கு இதனை விளக்குவது எளிது. புதிய பூ வேலையைத் தறியில் ஏற்றுமுன் கட்டமிட்ட தாளில் வரைந்து பார்க்கிறோம். ஒவ்வொரு கட்டமும் ஓர் இழையின் ஏற்றத்தையோ இறக்கத்தையோ குறிக்கும். அதனைப் பார்த்தே ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறோம். பட்டையும் சரிகையையும் வீணாக்காமல், தவற்றைத் தாளிலேயே கண்டு திருத்திக்கொள்கிறோம். பிரான்சு தேசத்து ஜக்கார்டு 1804-இல் அமைத்த அத்துளை அட்டை முறையே, பின்னர்க் கணக்கிடும் யந்திரங்களை எண்ணியவர்களுக்கும் வழிகாட்டிற்று என்பது நெசவாளர் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

பயிர் மாதிரியும் அத்தகைய தாளே. அதில் ஒரு கட்டம் என்பது ஒரு நாள். அன்றைய வெயில், உயர்ந்த வெப்பம், தாழ்ந்த வெப்பம், காற்றின் ஈரம், காற்றின் வேகம், மழை ஆகிய ஆறையும் எடுத்துக்கொண்டு, அன்று பயிர் எவ்வளவு வளர்ந்தது, எவ்வளவு நீர் குடித்தது, எவ்வளவு தழைச்சத்து ஏற்றது என்று கணக்கிடும். மறுநாள் அக்கணக்கின்மேல் அடுத்த கணக்கு. இவ்வாறு விதைப்பு முதல் அறுவடை வரை செல்லும்.

இத்துறைக்கு வித்திட்டவர்களுள் ஆலந்து நாட்டு வாகனிங்கன் நகரத்து விஞ்ஞானி டி விட் ஒருவர். நெல்லுக்கென அந்நகரத்தாரும் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் கூடி உருவாக்கிய மாதிரிக்கு ‘ஒரைசா’ என்று பெயர். நெல்லின் தாவரவியற் பெயரும் அதுவே. முளைத்த நாளைச் சுழியென்றும், பூத்த நாளை ஒன்றென்றும், முதிர்ந்த நாளை இரண்டென்றும் கொண்டு, வெப்பத்தைக் கூட்டிக்கூட்டி அது பயிரின் வயதை அளக்கும். 8 பாகை செல்சியசுக்குக் கீழ் நெல்லின் வளர்ச்சி நகராது. 30 பாகையில் மிக விரைவாகும் என்பது அதன் அடிப்படை.

நம் வட்டாரமும் இக்கலையும்

இது நமக்கு முற்றிலும் அந்நியமான சரக்கன்று. 1984 முதல் 1995 வரை நடந்த ‘சார்ப்’ என்னும் ஆசிய நெல் கணிப்புத் திட்டத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் பங்கு கொண்டனர். பின்னர் 2012-ஆம் ஆண்டளவில் ‘ரீஸ்’ என்னும் திட்டத்தின்கீழ், மேகத்தை ஊடுருவும் செயற்கைக்கோள் படங்களையும் ஒரைசா மாதிரியையும் இணைத்துத் தமிழ்நாட்டு நெல் பரப்பும் மகசூலும் மதிப்பிடப்பட்டன. 2016-17 வறட்சியின்போது, பயிர்க் காப்பீட்டுக்காக இழப்பை அறியும் பணியில் அத்திட்டத்தின் செயற்கைக்கோள் விவரங்கள் பயன்பட்டன.

2023 காரிஃப் பருவம் முதல், பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்கும் கோதுமைக்கும் மகசூல் முடிவு செய்கையில், தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு இடமளிக்கும் ஏற்பாட்டை மைய அரசாங்கம் கொண்டுவந்தது. பயிர் அறுவடைப் பரிசோதனையோடு செயற்கைக்கோளும் மாதிரியும் அத்தராசில் ஏறிவிட்டன என்பது இதன் பொருள். நட்ட ஈட்டைத் தீர்மானிக்கும் கணக்கொன்றைப் படிக்கத் தெரியாமலிருப்பது, தராசின் முள்ளைப் பார்க்காமல் நெல்லை அளந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். பயிற்சியை வேடிக்கை என்று எண்ணாமல் சங்கக் காரியமாகக் கொள்ள வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

ஒரு வயலின் நீர்க்கணக்கு

கணிப்பின் தன்மையை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். வயலில் 50 மில்லிமீட்டர் நீர் நிற்பதாகக் கொள்வோம். வெயிலும் பயிரும் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் எடுக்கின்றன. களிமண் வயலில் 4 மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றது. ஆகச் செலவு 10; நீர் ஐந்து நாள் நிற்கும். பக்கத்து ஊரில் மணற்பாங்கான வயலில் இறங்குவது 14 என்றால் செலவு 20. இரண்டரை நாளில் வயல் வற்றும். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஏறத்தாழ 4,047 லிட்டர் ஆகும். ஆகவே இரண்டாம் வயல் நாளொன்றுக்கு 40,000 லிட்டருக்கு மேல் கூடுதலாகக் கேட்கின்றது.

வெயில் ஒன்றே, ரகம் ஒன்றே; மண்ணைக் குறிக்கும் ஓர் எண் மட்டும் மாறிற்று, விடை பாதியாகிவிட்டது. அவ்வெண்ணைப் பயிற்சி அளிப்பவர் அறியார். நாமே கொண்டு செல்ல வேண்டும்.

கொண்டு செல்ல வேண்டுவன

முதலாவதாக, சங்க எல்லைக்குள் தலைமடையில் ஒன்று, நடுப்பகுதியில் ஒன்று, கடைமடையில் ஒன்று என மூன்று வயல்களைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். சங்கம் முழுவதற்கும் ஒரே சராசரியைக் கொண்டு செல்வதில் பயனில்லை.

இரண்டாவதாக, அவ்வயல்கள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு விவரம் தேவை: ரகத்தின் பெயர், நேரடி விதைப்பா நடவா என்பது, நாற்றின் வயது, நட்ட தேதி, பாதிக் கதிர் வெளிவந்த தேதி, அறுவடைத் தேதி, வாய்க்காலில் நீர் வந்த நாளும் நின்ற நாளும். நாம் பதிவேடுகளைப் பார்வையிடும் இடங்களில், கடன் மனுக்கள் அனைத்திலும் ஒரே விதைப்புத் தேதி எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். கடன் வழங்க அது போதுமாயிருக்கலாம்; கணிப்புக்குப் போதாது. அங்கத்தினரின் வீட்டுக் குறிப்பேட்டையும் உரம் வாங்கிய ரசீதையும் ஒப்பிட்டு உண்மைத் தேதியை எழுதுதல் வேண்டும்.

மூன்றாவதாக, அளவுகளை ஒழுங்குபடுத்தல். நாம் மாவென்றும் வேலியென்றும் பேசுவோம். மென்பொருள் எக்டரைக் கேட்கும். மூன்று மா ஓர் ஏக்கர். ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் ஓர் எக்டர். நாம் யூரியாவை மூட்டையில் சொல்வோம். அது தழைச்சத்தைக் கிலோவில் கேட்கும். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 46 விழுக்காடு, அதாவது 20.7 கிலோ. கண்டுமுதலிலும் ஈரப்பதத்தைக் குறித்தாக வேண்டும். ஒரைசா 14 விழுக்காடு ஈரத்தில் விடை கூறும். 20 விழுக்காடு ஈரத்தோடு எடைபோட்ட 2,000 கிலோ நெல், அவ்வளவில் 1,860 கிலோவே ஆகும். இதனைக் கவனியாவிடில் மாதிரி பொய் சொல்வதாக நாம் வீணே சண்டையிட நேரும்.

நான்காவதாக, மண். மண்வள அட்டையில் சத்துக்களும் கார அமில நிலையும் உப்பின் அளவும் உள்ளன. நீர் இறங்கும் வேகம் இல்லை. மழையில்லாத நாளில், வாய்மடையையும் வடிமடையையும் அடைத்துவிட்டு, அளவுகோல் ஒன்றை வயலில் நட்டு, மாலை 6 மணிக்கும் மறுநாள் காலை 6 மணிக்கும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளலாம். இரவில் ஆவியாவது சொற்பமாதலால், குறைந்தது பெரும்பாலும் கீழே இறங்கியதே. அதனை இரட்டித்தால் ஒரு நாள் கணக்கு ஏறத்தாழக் கிடைக்கும். மூன்று இரவு அளந்து சராசரி எடுப்பது நன்று.

ஐந்தாவதாக, ஆட்கள். கணிப்பொறி பழகிய இளைஞர் ஒருவரை மட்டும் அனுப்புவது போதாது. வயலறிந்த மூத்த விவசாயி ஒருவரும், நடவும் களையும் நேரில் கண்ட பெண் அங்கத்தினர் ஒருவரும் உடன் செல்லல் வேண்டும். திரையில் தோன்றும் எண் நம்பத்தக்கதா என்று கேட்பதற்கு அவர்களே தக்கவர்கள்.

கணிப்பின் எல்லை

ஐந்து ஆண்டு விவரங்களில் மூன்றைக் கொண்டு மாதிரியை நம் வயலுக்கு இசைவித்து, எஞ்சிய இரண்டு ஆண்டுகளின் மகசூலை மறைத்து வைத்துக் கணிக்கச் சொல்லுங்கள். பின்னர் உண்மையோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு எவ்வளவு என்பது அப்போது விளங்கும். அச்சோதனையில் தேறாத கணிப்பை எவர் கூறினும் ஏற்க வேண்டுவதில்லை.

எலி வெட்டும், புகையான் சேதமும், பயிர் சாய்தலும் தனியாகச் சேர்க்கப்பட்டாலன்றிக் கணக்கில் வாரா. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் போன்றதை வானிலை எண்கள் ஓரளவே உணர்த்தும். நாற்று நடவுக்கு ஆள் கிடைக்காத வாரமும், கொள்முதல் நிலைய வாயிலில் நெல் காத்துக்கிடக்கும் நாட்களும் எந்த மாதிரிக்கும் தெரியா. ஆகவே, கணிப்பில் மகசூல் குறைவு என்னும் ஒரே காரணம் காட்டி, கடைமடை அங்கத்தினருக்குக் கடனைக் குறைக்கும் வழக்கம் எச்சங்கத்திலும் தலையெடுக்கலாகாது. ஆபத்து மிகுந்த வயலை முன்னரே அறிவது அவ்வயலுடையவருக்குத் தக்க ரகத்தையும், தக்க காலத்தில் விதையையும், காலவரைக்குள் காப்பீட்டையும் சேர்ப்பிப்பதற்கே ஆகும்.

காப்பீட்டு மகசூல் பகுதி முழுவதற்கும் சேர்த்து நிர்ணயிக்கப்படுவது. தனியொரு விவசாயி அதனை மறுத்துரைத்தால் எடுபடுவது அரிது. மூன்று வயல்களின் தேதியும் எடையும் ஈரமும் முறையாகப் பதிந்த ஏடு சங்கத்திடம் இருக்குமாயின், அச்சொல்லுக்கு ஆதாரம் உண்டு. தனித்தனியே சிறிதாயுள்ளதைச் சேர்த்துப் பலமாக்குவதே கூட்டுறவின் நெறி. கடனிலும் விற்பனையிலும் கண்ட அந்நெறியை விவரச் சேகரிப்பிலும் கைக்கொள்வோமாக.

ஆதலின் நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே மூன்று வயல்களையும் முடிவு செய்து, ஏடு ஒன்றைத் திறந்து, பொறுப்பாளரை நியமிப்பாராக. பயிற்சிக்கு அழைப்பு இவ்வாண்டு வரினும் அடுத்த ஆண்டு வரினும் ஏடு ஆயத்தமாயிருக்கும். அழைப்பே வாராவிடினும், தம் வயலின் நீர் நாளொன்றுக்கு எவ்வளவு இறங்குகின்றது என்பதை அங்கத்தினர் மூவரேனும் அறிந்திருப்பர்.