ஒப்புக்குச் சப்பாணிக்கும் உண்டு கப்!

கோவில்பட்டி என்றதும் உங்களுக்குக் கடலை மிட்டாய் ஞாபகம் வரும். தீப்பெட்டி ஞாபகம் வரும். கொஞ்சம் விஷயம் தெரிந்த ஆசாமி என்றால் ஹாக்கி ஞாபகம் வரும். கோல்ஃப்?

"கோல்ஃபா! இந்தக் கரிசக்காட்டுலயா? அடிச்ச பந்து வெடிப்புக்குள்ள போயிட்டா என்ன செய்வ தம்பி? மழை பெஞ்சா வெடிப்பு மூடிக்கிடும். அப்புறம் உழும்போதுதான் கிடைக்கும்!" என்றார் எங்கள் டீக்கடை அண்ணாச்சி.

அண்ணாச்சி கிண்டலுக்குக் கேட்டார். ஆனால் கோல்ஃப் சட்டத்தில் இதற்கு நிஜமாகவே பதில் இருக்கிறது. வெடிப்புக்குள் விழுந்த பந்துக்குத் தானாக எந்தச் சலுகையும் கிடையாது. போட்டி நடத்தும் கமிட்டி, 'இந்த வெடிப்பெல்லாம் பழுதுபார்க்க வேண்டிய தரை' என்று அறிவித்துவிட்டால் மட்டும், அபராதம் இல்லாமல் பக்கத்தில் போட்டு அடித்துக்கொள்ளலாம். புல்லுக்குத் தண்ணீர் இல்லையே என்கிறீர்களா? அதற்கும் வழி உண்டு. வறண்ட ஊர்களில் குழியைச் சுற்றி மணலில் எண்ணெயைக் கலந்து, இழுத்துச் சமப்படுத்தி விடுவார்கள். 'கிரீன்' இல்லை, 'பிரவுன்'!

சரி, எங்கள் ஊரில் கோல்ஃப் மைதானம் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் மலையேற வேண்டும். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல் ஆரம்பித்தது. அங்கே காட்டு மாடுகள் புல்வெளிக்குள் வந்து சாவகாசமாக மேய்ந்துகொண்டு நிற்கும். டிக்கெட் எடுக்காத ரசிகர்கள்!

ஆனால் நான் சொல்ல வந்தது மைதானத்தைப் பற்றி அல்ல. கோல்ஃப் கிளப்களில் வாராவாரம், மாதாமாதம் மெம்பர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் போட்டியைப் பற்றி. டி.வி.யில் வராது. பரிசு பெரும்பாலும் ஒரு சின்ன கப். ஆனால் அதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஆபீஸ் போகிற நமக்கெல்லாம் பொறாமை வரவழைக்கிற சங்கதி.

சின்ன வயதில் செல்லாங்குச்சி ஆடியிருப்பீர்கள். பெரிய பையன்கள் ஆடும்போது தம்பிப்பயல் ஒருத்தன் அழுதுகொண்டு வந்து நிற்பான். "சரி, நீ ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வோம். அவன் ஓடலாம், அடிக்கலாம், கத்தலாம். அடித்தாலும் கணக்கில்லை, அவுட் ஆனாலும் கணக்கில்லை. நானே மூன்று வருஷம் அந்தப் பதவியில் இருந்தவன்!

கோல்ஃபில் அந்தத் தம்பிப்பயலும் கணக்கில் உண்டு. அதற்குப் பெயர் ஹேண்டிகேப்.

உதாரணத்துக்கு, ஒரு மேனேஜர். நன்றாக ஆடுவார். ஹேண்டிகேப் 6. அவர்கூட ஆடும் கிளார்க்குக்கு 24. பதினெட்டுக் குழியும் முடிய மேனேஜர் 80 அடி, கிளார்க் 97. கிரிக்கெட் மாதிரி என்றால் கதை முடிந்தது. இங்கே அவரவர் ஹேண்டிகேப்பைக் கழிக்க வேண்டும். மேனேஜருக்கு 74, கிளார்க்குக்கு 73. குறைந்த அடிக்குத்தான் ஜெயம். கப் கிளார்க்குக்கு! திங்கட்கிழமை லீவு கேட்கும்போது மேனேஜர் முகத்தைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

இந்த எண்ணை யாரும் இஷ்டத்துக்குக் கொடுப்பதில்லை. 2020-ல் வந்த உலகப் பொது முறைப்படி, கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ எடுத்துத்தான் கணக்கு. அதாவது நீங்கள் வழக்கமாக எப்படி ஆடுகிறீர்கள் என்பதல்ல, நல்லா ஆடினால் எப்படி ஆடுவீர்கள் என்பதே அளவு. அதனால் முக்கால்வாசி நாள் உங்கள் எண்ணுக்கு உங்களாலேயே ஈடுகொடுக்க முடியாது! உச்சவரம்பு 54.

இன்னொரு கருணை, ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற இங்கிலாந்து டாக்டர் செய்தது. அவருடைய வாலசி கிளப் கடலோரம். நம்ம கயத்தாறு காற்றாலைப் பக்கம் ஆனி, ஆடியில் நின்று பாருங்கள், அந்த மாதிரிக் காற்று. ஒரே ஒரு குழியில் பத்துப் பன்னிரண்டு அடி போய்விட்டால் அன்றைய ஆட்டமே பாழ். அவர் 1932-ல், அடிகளைக் கூட்டாதே, குழிக்குக் குழி புள்ளி கொடு என்றார். சலுகை போக, அந்தக் குழிக்கு உரிய அடிகளில் முடித்தால் 2 புள்ளி. ஓர் அடி கூடினால் 1, குறைந்தால் 3. ரொம்ப மோசமா? பூஜ்யம். பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். சொதப்பல் அந்தக் குழியோடு போச்சு.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் தில்லுமுல்லு இல்லாமலா? சில மகானுபாவர்கள் சாதாரண நாளில் வேண்டுமென்றே மோசமாக ஆடி, ஹேண்டிகேப்பை ஏற்றி வைத்துக்கொண்டு, கப் நாளன்று வெளுத்து வாங்குவார்கள். 'சேண்ட்பேகர்' என்று பெயர். அடுத்த வருஷ டார்கெட் ஏறிவிடக் கூடாதே என்று மார்ச்சில் ஆர்டரை அமுக்கி வைக்கும் சேல்ஸ் ஆசாமியின் சொந்தக்காரர்!

எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. மைதானத்தின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் யாருக்கு அத்துபடி? பை தூக்கும் கேடிக்கு. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-லும் 1993-லும் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். ஆனால் கிளப்பின் ஞாயிற்றுக்கிழமைப் போட்டி மெம்பர்களுக்குத்தான். கேடிகளுக்கு வைத்தால் வருஷத்தில் ஒரு நாள், தனியாக ஒரு போட்டி.

அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் ஒரு டீ நேரத்தில் சொல்லி முடித்தேன்.

"அப்ப எனக்கு 54 குடுப்பாகளா?"

"குடுப்பாங்க அண்ணாச்சி."

"நான் மேனேஜர ஜெயிக்கலாமா?"

"தாராளமா! ஆனா மொதல்ல மெம்பர் ஆகணும்."

"அதுக்கு எவ்வளவு ஆகும்?"

அது லட்சக் கணக்கு என்றேன். அண்ணாச்சி கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"அந்த ரூவாயில ஏதாச்சும் கழிப்பாகளான்னு கேட்டுச் சொல்லு, தம்பி. உன் கணக்குல நாலு டீ நிக்கி."